ஏரி என்று நினைத்த ஊர்

மார்ச் 3, திங்கள்

கிடைத்துவிட்டது. உஸ்பெகிஸ்தான் ஆர்டர் கிடைத்துவிட்டது. பெர்கானா விலாயத்தில் உள்ள பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் பிறந்த குழந்தைக்கான துணி செட்: சட்டை, தொப்பி, காலுறை. திருப்பூர் அருள்புரம் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த பிறகு நானே தேடிப் பிடித்த முதல் ஆர்டர்.

முதலாளி ரத்தினசாமி அண்ணன் சிரித்தார். “பருத்தி வெளையற சீமைக்கே பனியனா? கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போறியாக்கும், அம்மிணி.” விற்றாயிற்றே அண்ணே என்றேன்.

ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் சரக்கு இறங்கும்போது நம் ஆள் ஒருவர் நின்று சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஒப்பந்தம். “நீயே போயிட்டு வா” என்று சொல்லிவிட்டார். நானா? சாத்தூரைத் தாண்டினால் திருப்பூர், திருப்பூரைத் தாண்டினால் சாத்தூர் என்று இருந்தவள் நான்.

மார்ச் 6, வியாழன்

சாப்பாட்டு நேரம் முழுவதும் வரைபடம்தான். விலாயத் என்றால் நம் மாவட்டம் மாதிரி. மேலே ஹோக்கிம், அதாவது கலெக்டர் மாதிரி ஒருவர். தூமான் என்றால் தாலுகா. இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது குல்நோரா, அங்கே சரக்கு வாங்கும் கம்பெனியின் மேனேஜர். கோகந்த், மார்கிலான், ரிஷ்தான், சோக்... வீட்டில் அந்த ஊர்ப் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே தோசை ஊற்றினேன். “ஏட்டி, யாரைத் திட்டிக்கிட்டு இருக்க?” என்று அம்மா கேட்டாள்.

மார்ச் 15, சனி

தையல் முடிந்தது. தொப்பிகளைப் பார்த்தால் எனக்கே ஒரு பிள்ளையின் தலையில் மாட்ட வேண்டும்போல் இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

தூமான் வாரியாகப் பெட்டி போடுகிறோம். பெட்டியில் காற்றை அனுப்பாதே என்பது திருப்பூர்ச் சட்டம். கப்பல் வாடகை பெட்டி அடைக்கிற இடத்துக்குத்தானே? அதனால் ஒவ்வொரு தூமானுக்கும் கடைசியில் நிற்கிற அரைப்பெட்டிச் சரக்கைப் பக்கத்துத் தூமான் சரக்கோடு சேர்த்து முழுப்பெட்டி ஆக்கச் சொன்னேன். சோக் போகிற வழியில்தான் ரிஷ்தான். இரண்டும் ஒரே பெட்டி. பல்லடம் சரக்கும் தாராபுரம் சரக்கும் ஒன்றாகப் போவதில்லையா? பேக்கிங் பார்க்கும் ஜெபக்குமார், “நடுவுல அட்டை வச்சுருதேன்க்கா. ரிஷ்தான்ல பிரிச்சு எடுத்துக்கிடட்டும்” என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

பெருமையாம் பெருமை.

பெட்டி விவரத்தைக் குல்நோராவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. சோக், பெர்கானா விலாயத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அதைச் சுற்றி நாலு பக்கமும் கிர்கிஸ்தான். ரிஷ்தானிலிருந்து சோக் போக வேண்டுமானால் வேறு நாட்டுக்குள் நுழைந்து, வெளியேறித்தான் போக வேண்டும். சோக் பெட்டிகளுக்குத் தனி சீல், தனிக் காகிதம். நடுவில் பிரித்து ஒன்றும் எடுக்க முடியாது. கலப்புப் பெட்டி எல்லையிலேயே நின்றுவிடும்.

வரைபடத்தில் அந்தத் துண்டை நானும் பார்த்தேன். ஏரி என்று நினைத்தேன். ஏரியாம்! என் தலையில் என்னதான் இருக்கிறது?

பிரித்துத்தான் ஆக வேண்டும், கப்பல் ஒரு வாரம் தள்ளிப்போகும் என்று அண்ணனிடம் சொன்னேன். “அப்ப சோக்குக்குக் காத்தைத்தான் அனுப்போணுமா?” என்றார். ஆமாம் அண்ணே, அரைப்பெட்டியாகவே போகட்டும் என்றேன். “சரி, பிரி. ஆனா அங்க தரணி போகட்டும். ஊரு எது, ஏரி எதுன்னு தெரியாத ஆளை நம்பி எப்புடி அனுப்பறது?”

தரணீதரன் அவர் மகன்.

மார்ச் 22, சனி

பிரித்தோம், கட்டினோம். அழவில்லை. சரி, கொஞ்சம்.

ஜூன் 4, புதன்

தரணீதரனுக்கு டிராவல் ஏஜென்ட் ஒரு முறை மட்டும் நுழையும் விசா எடுத்திருக்கிறார். சோக் போனால் உஸ்பெகிஸ்தானை விட்டு வெளியேறித் திரும்ப நுழைய வேண்டும், அதற்குப் பல முறை நுழையும் விசா வேண்டும், கிர்கிஸ்தானுக்குத் தனி விசா வேண்டும் என்றேன். “ஒரே மாவட்டத்துக்கு எதுக்குங்கக்கா இத்தனை விசா?” என்று சிரித்தான். அண்ணனிடம் சொன்னேன். “போக முடியலையேங்கற ஆத்தாமைல பேசாத, அம்மிணி” என்றார். ஆற்றாமைதான். அதற்காக நான் சொல்வது பொய்யாகிவிடுமா?

ஜூன் 7, சனி

இரண்டு விசாவுக்கும் என் காசில் விண்ணப்பித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பைத்தியமா எனக்கு? இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 24, செவ்வாய்

தரணீதரன் மற்ற தூமான்களை எல்லாம் முடித்துவிட்டான். நல்ல பையன், வேலையில் குறை சொல்ல முடியாது. ரிஷ்தானிலிருந்து போனில் அண்ணனிடம் பேசினான். “அப்பா, இதுக்கு மேல போக முடியாதுங்க. போனா திரும்பி வர முடியாதாமா.” சோக் பெட்டிகள் லாரியில் நிற்கின்றன. கையெழுத்து விழாவிட்டால் அடுத்த ஆர்டர் பேச மாட்டார்களாம்.

அண்ணன் என் மேசைக்கே வந்தார். “ஏனம்மிணி, விசா எடுக்க எத்தனை நாளாகும்?”

“எடுத்தாச்சு அண்ணே. ரெண்டும்.”

உடனே கணக்கரிடம் எனக்கு டிக்கெட் போடச் சொன்னார். ஜெபக்குமாரிடம் சொல்ல மாடிப்படியில் ஓடினேன், செருப்பு கீழேயே நின்றுவிட்டது.

ஜூலை 1, செவ்வாய். சோக்.

நான் இங்கே இருக்கிறேன். நான்! மொட்டை மலைகள். நடுவில் ஆறு, அதன் ஓரத்தில் மட்டும் பச்சை. கூரைகளில் ஆப்ரிகாட் காய்கிறது. ஆளும் நாடு உஸ்பெகிஸ்தான், ஊர் பேசுவது தாஜிக், வந்த வழி கிர்கிஸ்தான். ஒரே காலையில் இத்தனையும்.

சீல் உடைத்து, எண்ணிக் கையெழுத்துப் போட்டேன். தலைமை நர்ஸ் ஒரு தொப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், நானும் பின்னாலேயே போனேன். விடியற்காலையில் பிறந்த பெண் குழந்தை. தொப்பி கண்ணை மறைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்று சைகையால் சொன்னேன்.

மதியம் அண்ணன் போனில் பேசினார். சரக்கைப் பற்றிக் கேட்டார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். பிறகு தயங்கி, “அந்தப் பக்கம் இந்த மாதிரி ஊரு இன்னும் எத்தனை இருக்குதுன்னு கேட்டுட்டு வா, கண்ணு. அங்கெல்லாம் வேற எவனும் போயிருக்க மாட்டான்” என்றார்.

“சாகிமர்தான்னு ஒண்ணு இருக்கு அண்ணே, அதைச் சுத்தியும் கிர்கிஸ்தான்தான். குல்நோரா கூட நாளைக்கு அங்க போறேன்” என்றேன்.