மபாஸாவின் இடக் கன்னம்

2025 ஜூன் 12, வியாழன்

கெமரா வந்து ஐந்து நாள். தம்பி ஷிஹாம் பெருநாள் லீவுக்குக் கட்டாரிலிருந்து வந்தபோது, "படிக்கிற காலத்துல கேட்டீங்களே, இப்பதான் முடிஞ்சது" என்று பெட்டியோடு கையில் தந்தான். நான் கேட்டது இருபது வருசத்துக்கு முன்னால். நாற்பத்திரண்டு வயதில் இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றால் வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு.

இன்று எடுத்தவை: முற்றத்தில் காயும் மிளகு, பூனை, நான் கட்டின மாப்பிள்ளை பவாஸ். மிளகு மங்கல். பூனை ஓடிவிட்டது. இவர் மட்டும் தெளிவு, ஆனால் கண்ணை மூடியிருக்கிறார். "ஃபோனே நல்லா எடுக்குதே நிஷ்மியா" என்றார். இவருக்கு மிளகும் கராம்பும் வாங்கி விற்கத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் தெரியாது.

ஜூன் 15, ஞாயிறு

படங்கள் ஏன் கொழகொழவென்று வருகின்றன என்று இன்று கண்டுபிடித்தேன். குற்றவாளி நானே. கார்டில் நிறையப் படம் பிடிக்கட்டும் என்று முதல் நாளே தரத்தை ஆகக் குறைந்ததில் வைத்திருக்கிறேன். நாலாயிரம் படம் கொள்ளும் என்று எல்லோரிடமும் பெருமை வேறு அடித்தாயிற்று.

மபாஸா பக்கத்திலிருந்து சிரித்தாள். "சாக்கு கொள்ளுதேன்னு பதரையா மதினி அடைப்பாங்க?"

மபாஸா இவருடைய தங்கை. முப்பத்து நான்கு வயது. கடைக்கு வரும் சரக்கைத் தரம் பார்ப்பது அவள்தான். ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் உருட்டினால் பதர் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். நான் மருமகளாக வந்தபோது பதினாறு வயதுப் பிள்ளை. தலை பின்னிவிட்டது நான், பரீட்சைக்குக் கூட்டிப்போனது நான்.

அவளை எடுக்கக் கெமராவைத் திருப்பினேன். உடனே முக்காட்டை இடப் பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டாள். வாயோரத்திலிருந்து காதடி வரை வெண்தேமல். இருபது வயதில் தொடங்கியது, ஐந்து வருசமாக அதே அளவில் நிற்கிறது. ஒட்டாது, நோகாது. பார்க்கிறவர்களுக்குத்தான் ஏதோ செய்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

கலியாணம் பேசும் ஜஸ்லா வந்தாள். நாவுலயில் மாப்பிள்ளை, பெயர் றினோஸ், முப்பத்தெட்டு வயது, வயலும் சிறிய அரிசி ஆலையும் இருக்கிறது. முதலில் படம் வேண்டுமாம். பிடித்தால் தாய் மஸூதா பெண் பார்க்க வருவாராம்.

"நல்லதா ஒன்னு தாங்க. போன தரம் தந்தீங்களே, அது மாதிரி."

போன தரமும் அதற்கு முந்தின தரமும் அனுப்பியவை என் ஃபோனில் எடுத்தவை. அந்த ஃபோன் யாரையும் கேட்காமலே முகத்தை மெழுகித் தேமலை மறைத்துவிடும். நாங்களும் கண்டும் காணாமல் இருந்தோம். இரண்டு தரமும் மபாஸா தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தாள், வந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த ஒரு பார்வை. பிறகு எல்லோரும் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள், அரைக் கோப்பையோடு எழும்பினார்கள்.

ஜஸ்லா போனதும் மபாஸா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"மதினி, இந்தத் தரம் ஃபோன் வேணாம். உங்க கெமராவுல எடுங்க, இருக்கிறத இருக்கிற மாதிரி. சாக்கு மேல நல்ல மிளகு, அடியில பதர் வெச்சா வாங்கினவன் சும்மா போவானா? வேணாம்னா படத்தப் பாத்துட்டு அவங்க வீட்டுலயே இருந்து சொல்லட்டும். மூணாம் தரமும் ஒரு ஆள் என் முகத்தப் பாத்துத் திடுக்கிட்டா, இனி எவர் முன்னுக்கும் தேத்தண்ணி கொண்டு வர மாட்டேன். கலியாணப் பேச்சே வேணாம்."

அழவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

ஜூன் 25, புதன்

ஃப்ளாஷ் போட்டால் முகம் முழுக்க ஒரே வெள்ளை. தேமலையும் காணோம், மூக்கையும் காணோம்.

ஜூன் 26, வியாழன்

ஃப்ளாஷ் இல்லாமல் வீட்டுக்குள் எடுத்தால் படம் முழுக்க ரவை தூவின மாதிரி இருக்கிறது. ஐஎஸ்ஓ என்று ஒன்று, இருட்டைக் கண்டால் கெமரா தானே அதை ஏற்றிவிடுகிறதாம். சுவரின் பச்சை வேறு முகத்தில் அடிக்கிறது. மாமி பார்த்துவிட்டு, "புள்ளைக்கு மஞ்சக்காமாலையா?" என்றார். பெற்ற தாயே இப்படிக் கேட்டால் மற்றவர்கள் என்ன கேட்பார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

முதல் நல்ல படம். ஜன்னலோரம் கதிரை போட்டு எடுத்தேன். வலக் கன்னத்தில் வெளிச்சம் அப்படி அழகாக விழுந்திருக்கிறது, எனக்கே கண் பட்டுவிடும் போலிருந்தது.

மபாஸா பெரிதாக்கிப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"மத்தக் கன்னம் எங்க மதினி?"

"வெளிச்சம் அந்தப் பக்கமாத்தானே வந்தது, அதான் இது நிழலாப் போச்சு."

"வெளிச்சம் தானா வந்தது. கதிரை தானா வந்ததா?"

எழும்பிப் போய்விட்டாள்.

ஜூன் 30, திங்கள்

வேண்டுமென்றுதான் செய்தேன். இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும். கதிரையைத் திருப்பிப் போட்டது நான்தான்.

என்னத்துக்குச் செஞ்சேன்? அவள யாரும் வேணாம்னு சொல்லிரக் கூடாதுன்னுதானே. ஆனா அவ கேட்டது அது இல்லையே — ஒரே ஒரு விசயம் கேட்டா, அதையும் நான் செய்யல்ல.

அந்தக் கன்னம் என் கண்ணில் படுவதே இல்லை என்று இத்தனை வருசமும் பெருமைப்பட்டிருக்கிறேன். படாமலா வெளிச்சம் எங்கே விழக் கூடாது என்று அளந்து கதிரை போட்டேன்?

ஜூலை 2, புதன்

மபாஸாவிடமிருந்து தேத்தண்ணீர் மட்டும் வந்தது, சீனி இல்லாமல்.

ஜூலை 6, ஞாயிறு

காலை ஏழரைக்கு உடுப்புக் காயப்போடப் போனேன். மபாஸா கொடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். இரண்டு பெரிய வெள்ளை விரிப்புகள் தொங்கின. வெயில் அவற்றில் பட்டுத் திரும்பி, அவள் முகத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுந்தது. இரண்டு வாரமாக நான் தேடிய வெளிச்சம், என் வீட்டுக் கொடியில்.

"கதிரையத் திருப்பினது நான்தான் மபாஸா."

"தெரியும் மதினி."

"இப்ப எடுக்கட்டுமா?"

கையிலிருந்த ஈர உடுப்பை வாளியில் போட்டாள். முக்காட்டைக் காதோரம் ஒதுக்கி ஊசி குத்திக்கொண்டாள். நான் ஓடிப்போய்க் கெமராவை எடுத்து வந்தேன். ஐஎஸ்ஓ நூறு. லென்ஸை ஆகக் கூடுதலாக நீட்டி, குவியத்தைக் கண்ணில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். இருபத்தாறு படம். பத்தொன்பதாவதுதான் படம்.

கணினியில் பெரிதாக்கினோம். புருவத்தில் ஒவ்வொரு மயிரும் தனித்தனி. தேமல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். கண் நேராக எங்களைப் பார்க்கிறது. நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன சொல்லப் போகிறாளோ என்று.

"என் மூக்கு இவ்வளவு பெரிசா மதினி?"

இரண்டு பேரும் சிரித்து, இவர் கடையிலிருந்து எட்டிப் பார்க்கும்படி ஆகிவிட்டது.

ஜூலை 9, புதன்

வட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் நசுங்கி மங்கிவிடுகிறது. ஆகவே டவுனில் ஒரு ஸ்டூடியோவில் அச்சடிக்கக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தால் — கன்னம் சுத்தம். வழித்துத் துடைத்தாற்போல!

மபாஸாவே என்னோடு திரும்ப வந்தாள். ஸ்டூடியோக்காரர் அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"நல்லதுக்குத்தானே மிஸ். கலியாணப் படம்னா எல்லாருக்கும் செய்றதுதான்."

"வாறவங்க படத்தக் கட்ட வரல்லண்ணே. இருந்த மாதிரியே அடிச்சுத் தாங்க."

மனிதர் புதிதாக அடித்து, ஓரத்தைத் தன் கையாலேயே நேராக வெட்டித் தந்தார். மெழுகின படத்தையும் சேர்த்தே உறையில் போட்டுவிட்டார்.

ஜூலை 12, சனி

அஸர் தொழுகை நேரம். நாளைக்கு ஜஸ்லா வந்து படத்தை வாங்கிப் போவாள். ஒட்டுவதற்கு முன் ஒரு தரம் பார்ப்போம் என்று உறையைத் திறந்தேன். உள்ளே மெழுகின படம்.

மபாஸா மாற்றியிருக்க மாட்டாள். இவருக்கு அவ்வளவு யோசனை ஓடாது. மாமி தொழுகை விரிப்பில் இருந்தார். அவருடைய தலையணைக்குக் கீழே மற்றப் படம். எடுத்து உறைக்குள் வைத்தேன். ஸலாம் கொடுத்து முடித்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"நான் பெத்தவ, நிஷ்மியா. வீட்டுக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசினாங்கன்னா புள்ளையோட குணம் தெரியும். வரவே இல்லாட்டி?"

"நானும் அதையேதான் செஞ்சேன் மாமி. அவளுக்கு அது வேணாம்."

விரிப்பை மடித்தார். மெதுவாக, நாலு மூலையும் ஒன்றாக வைத்து. பிறகு அலுமாரியிலிருந்து பசையை அவரே எடுத்துத் தந்தார்.

ஜூலை 20, ஞாயிறு

பதில் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

பதில் இல்லை. மபாஸா புடைத்த மிளகையே திரும்பப் புடைக்கிறாள். இவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார், கடைசியில் பழகிவிட்டது.

ஓகஸ்ட் 1, வெள்ளி

ஜஸ்லா ஃபோன் எடுத்தாள். ஞாயிறு வருகிறார்களாம். "படத்தப் பாத்தாங்களா?" என்று மூன்று தரம் கேட்டேன். "பாத்துட்டுத்தானே வாறாங்க" என்று எரிந்து விழுந்தாள்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

மஸூதாவும் இரண்டு மகள்மாரும் வந்தார்கள். மபாஸா தட்டோடு வந்தாள், முக்காடு காதோரம் ஒதுக்கியபடி. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமியின் உதடு துஆவில் அசைந்துகொண்டே இருந்தது.

மஸூதா நிமிர்ந்தார். பார்த்தார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு, "படத்துல இருக்கிற மாதிரியே இருக்கீங்க மகள்" என்றார்.

வழக்கமாக எல்லோரும் சொல்வது படத்தை விட நேரில்தான் அழகு என்று. இந்த வார்த்தையை நான் எங்கும் கேட்டதில்லை. மபாஸா வெறுந்தட்டோடு குசினிக்கு வந்து, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஆறு வாரமாக அழாத பிள்ளை.

"படம் எப்ப வந்தது மாமி?" என்று பிறகு மஸூதாவிடம் மெல்லக் கேட்டேன். ஜஸ்லா வாங்கிப் போன அன்றைக்கே வந்ததாம். மகன் அதை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தரவில்லையாம். அறுவடை முடியட்டும் என்றுதான் இவ்வளவு நாளாம். அறுவடையாம்! நாங்கள் இங்கே செத்துப் பிழைத்திருக்கிறோம்.

கோப்பைகளை நான்தான் கழுவினேன். எல்லாம் காலி.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று நிக்காஹ். ஆண்கள் பக்கத்தில் படம் எடுக்க ஆள் பிடித்திருந்தோம். பெண்கள் பக்கம் வெளி ஆணுக்கு இடமில்லை, ஆகவே நான். பட்டுச் சேலையோடு கழுத்தில் கெமரா, யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு வெள்ளை விரிப்பைச் சுவரில் கட்டினேன். தரம் ஆகப் பெரியதில். எல்லாம் சரி. மபாஸாவைக் கதிரையில் இருத்திவிட்டுக் கண்ணை வைத்துப் பார்த்தால் ஒரே மங்கல். லென்ஸைத் துடைத்தேன். திரும்பவும் மங்கல். குவியத்தை அங்கும் இங்கும் திருகினேன், பற்றரியைக் கழற்றிப் போட்டேன். பின்னால் பெண்கள் வரிசையாகக் காத்து நின்றார்கள்.

மபாஸா மெல்லக் கூப்பிட்டாள்.

"மதினி, கண்ணத் துடைச்சிட்டு எடுங்க. அவசரமில்ல, நான் இங்கதானே இருக்கேன்."