வீதிக்கு ஆகாத வண்டி

நேற்று புரோசார்ட் நகரில், கைத்தொலைபேசி திருத்தும் ஒரு சின்னக் கடையில் என் முறை வரும்வரை நின்றுகொண்டிருந்தேன். உள்ளே இருந்த இளைஞன் ஈயம் உருக்கும் கோலை ஒரு பலகையில் வைத்தான். மெல்லிய புகை எழுந்தது. பிசின் எரியும் அந்த மணம் மூக்கில் ஏறியதும், போன காரியத்தைச் சொல்லாமலே வெளியே வந்துவிட்டேன். கார்த் தரிப்பிடத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். "என்னப்பா இது, பூசைக்கு வந்தமாதிரி மணக்குது" என்று முன்பொருநாள் கொட்டிலுக்குள் நின்று நீங்கள் சிரித்தது காதில் கேட்டது.

நீங்கள் போய் எத்தனையோ பனிக்காலம் கடந்துவிட்டது. அந்த வண்டியைப் பற்றி நான் இதுவரை யாரோடும் கதைத்ததில்லை. கதைத்தால் உங்களோடுதான் கதைக்க வேண்டும்.

லொங்குய்யில் நாங்கள் கீழ்வீட்டில் இருந்த காலம் அது. மேல்வீட்டில் இருந்த வீட்டுக்காரக் கிழவரின் மகன் மேற்கே வேலைக்குப் போகும்போது, காட்டுக்குள் ஓடும் தன் மோட்டார் சைக்கிளைக் கொட்டிலில் விட்டுவிட்டுப் போனான். உயரமான வண்டி. முள்ளு முள்ளாக டயர். முன் லைட் இல்லை, ஹோர்ன் இல்லை, கண்ணாடி இல்லை. கிழவர் திறப்பை உங்கள் கையில் தந்து, "எடுத்துக்கொள், எனக்கு இடம்தான் வேணும்" என்றார்.

நீங்கள் அப்போது துறைமுகப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் கொள்கலன் இறக்கும் வேலையில் இருந்தீர்கள். முதல் மெற்றோ ரயில் ஓடத் தொடங்குமுன் வேலை தொடங்கிவிடும். கூட வேலை செய்த சேவியர் அண்ணையின் வானில்தான் ஆற்றுப் பாலத்தைக் கடந்து போவீர்கள். கோடை முடிய அவர் குடும்பத்தோடு ரொறொன்ரோவுக்கே குடிபோவதாக இருந்தார். கார் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் மட்டும் உங்களிடம் இருந்தது.

"இதை றோட்டுக்குக் கொண்டுவந்தா, ஒருத்தரையும் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை" என்றீர்கள்.

"பனிக்கு என்ன செய்வியள்?"

"பனி வரட்டும். பேந்து பாப்பம்."

நான் வேலை செய்த தொழிற்சாலை அந்த வசந்தத்தில்தான் மூடப்பட்டிருந்தது. சர்க்கிட் பலகைகளில் ஈயப்பற்று வைப்பதுதான் அங்கே என் வேலை. வயர் வேலை முழுவதையும் நீங்கள் என்னிடமே விட்டீர்கள். கலியாணம் செய்து இத்தனை வருடத்தில், நாங்கள் இருவரும் ஒரே மேசையில் குனிந்து நின்று ஒரே வேலையைச் செய்தது அந்தக் கோடையில் மட்டும்தான். மற்ற நாட்களில் ஒருவர் வர மற்றவர் போவதாகவே எங்கள் வாழ்க்கை ஓடியிருந்தது.

முன் லைட்டைப் பூட்டினோம். அது எரியவேண்டுமானால் பெற்றரி வேண்டும் என்று தெரிந்தது. பெற்றரி வைக்க இடமில்லை. இருக்கைக்குக் கீழே தகரம் வெட்டி நீங்கள் ஒரு பெட்டி செய்தீர்கள். பிரேக் பிடித்தால் பின்னால் சிவப்பு எரிய வேண்டும். அதற்கு ஒரு சின்ன சுவிட்ச். வீதிக்குரிய டயர், வேகம் காட்டும் முள், இரண்டு கண்ணாடி. ஹோர்ன் பூட்டி அடித்துப் பார்த்த பின்னேரம், மேலே பல்கனியில் தூங்கிய கிழவர் திடுக்கிட்டு எழும்பிக் கத்திய கத்தலில், நீங்கள் கொட்டிலுக்குள் ஓடி ஒளித்து விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அப்படிச் சிரித்த உங்களை நான் முன்பு கண்டதில்லை. சிக்னல் லைட்டுகள்தான் எங்களைப் படுத்தின. நாலும் ஒன்றாக எரிந்தன, ஒன்றும் விட்டு விட்டு எரியவில்லை. எல்லாவற்றையும் கழற்றித் திரும்பவும் ஒட்டினேன். கடைசியில் இடப்பக்கம் மட்டும் தனியே வெட்டி வெட்டி எரிந்தபோது நீங்கள் என் தலையில் கையை வைத்துவிட்டு எடுத்தீர்கள்.

சேவியர் அண்ணையின் வானில் வண்டியை ஏற்றிக்கொண்டு, வீதிப் பதிவுக்காகச் சோதனை செய்யும் இடத்துக்குப் போனோம். நீங்கள் இஸ்திரி போட்ட சேட்டு அணிந்திருந்தீர்கள். வெளியே வந்த உத்தியோகத்தர் இளம் வயதுக்காரர். லைட்டைப் பார்த்தார், ஹோர்னை அடித்தார், பிரேக்கைப் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு முன்னால் குனிந்து, கைபிடிக்குக் கீழே சட்டத்தின் கழுத்தில் ஒட்டியிருந்த சின்னத் தகட்டைப் பெருவிரலால் துடைத்து வாசித்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகம் மாறியிருந்தது.

"மடாம், மிஸ்யூ" என்று பிரெஞ்சு மரியாதையோடு மெதுவாகத் தொடங்கினார். செய்தவர்களே இதை வீதிக்கென்று செய்யவில்லை. காட்டுப் பாதைக்கு மட்டும் என்று தகட்டில் இருக்கிறது. இதற்கு வீதிப் பதிவு கிடையாது என்றார்.

நீங்கள் உங்கள் பிரெஞ்சைக் கூட்டிச் சேர்த்து, இன்னும் என்ன குறைகிறது, சொன்னால் பூட்டிக்கொண்டு வருகிறேன் என்றீர்கள்.

குறை ஒன்றும் இல்லை, வேலை மிகவும் சுத்தம் என்றார் அவர். எதைப் பூட்டினாலும் இது வீதி வண்டி ஆகாது. அதைச் சொல்லும்போது அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது. அவர் மேல் கோபப்பட இடமிருந்திருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

திரும்பும்போது வண்டி சரியாமல் பிடிக்க நீங்கள் வானுக்குப் பின்னால் ஏறி அதன் மேலேயே இருந்துகொண்டீர்கள். நான் முன்னால் இருந்தேன். முதல் திருப்பத்தில் பின்பக்கம் டிக், டிக் என்று கேட்டது. சேவியர் அண்ணை கண்ணாடியில் பார்த்தார், நான் திரும்பிப் பார்த்தேன். கதவு மூடிய இருட்டுக்குள், கைபிடியைப் பிடித்தபடி, நீங்கள் சிக்னல் போட்டுக்கொண்டிருந்தீர்கள். வான் இடப்பக்கம் திரும்பினால் இடம், வலப்பக்கம் திரும்பினால் வலம். எங்கள் ஒழுங்கை வரும்வரை ஒரு திருப்பத்தையும் நீங்கள் தவறவிடவில்லை. சேவியர் அண்ணை ரேடியோவை நிற்பாட்டிவிட்டு மெதுவாக ஓட்டினார்.

அந்த இலையுதிர்காலம் முழுவதும் நீங்கள் சாதாரண சைக்கிளில் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போனீர்கள். ஆற்றுக் காற்று எலும்புக்குள் இறங்கும். இருமல் வந்தபோது குளிர் என்றோம். கொத்தமல்லி அவித்துக் குடித்தீர்கள். பனி விழுந்து பாலத்துச் சைக்கிள் பாதை மூடப்பட, வேலையும் போயிற்று. இருமல் மட்டும் போகவில்லை. நெஞ்சைப் படம் எடுத்தபோது, நுரையீரலில் இருந்த கட்டி இருமலுக்கு முந்தியது என்றார்கள்.

முடிவு சொன்ன நாளில் டொக்டர் கதிரையை இழுத்து எங்களுக்கு நேரே இருந்தார். "மடாம், மிஸ்யூ" என்றார். நான் எல்லாம் கேட்டேன். வேறு மருந்து, வேறு ஆஸ்பத்திரி, ரொறொன்ரோவில் யாரேனும். நீங்கள் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு இருந்தீர்கள். லிப்டுக்காக நிற்கையில் எனக்குக் கோபம் வந்தது.

"ஏன் நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை?"

"அண்டைக்கு வண்டி சோதிச்ச அந்தப் பெடியன்ரை முகத்தைப் பாத்தனி எல்லே? இவருக்கும் அதே முகம். நல்ல மனிசர். அவையிட்டைத் தர ஒண்டும் இல்லையப்பா."

அடுத்த கோடையை நீங்கள் காணவில்லை.

வண்டியை விற்க, கிழவர் எனக்காக வடக்கே காட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு பெடியனுக்குக் காட்டினார். அவனுக்குக் காட்டுக்குள் ஓடத்தான் வேண்டும். கிளைகளில் மாட்டும் என்று சொல்லி, முற்றத்தில் நின்றபடியே குறட்டால் சிக்னல் வயர்களை வெட்டினான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் ஈயப்பற்றுகள் ஒன்றுகூட விடவில்லை, வயர்தான் அறுந்தது. வெட்டிய துண்டுகளைக் குப்பைப் பையில் போட்டு, மிகவும் நன்றி சொல்லி, ஏற்றிக்கொண்டு போனான்.

உங்கள் அமைதியை என்னால் பழக முடியவில்லை. உங்கள் சிரிப்பும் எனக்கு ஒட்டவில்லை. தர ஒன்றும் இல்லாத அந்த நல்ல மனிதரின் முகத்தை அடையாளம் காண மட்டும் பழகிவிட்டேன். போன மாதம், ஊரிலிருக்கும் என் தங்கையை இங்கே கூப்பிடும் விசயமாகக் குடிவரவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் கோப்பை மூடி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, "மடாம்" என்றாள்.

மிச்சத்தை நான் கேட்கவில்லை. "மேர்சி" என்று நன்றி சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.