திடலில் நான் நட்ட கல்

நெல்லையப்பர் துணை

நான் தூக்கி வளர்த்த சௌபாக்கியவதி ராஜராஜேஸ்வரிக்குச் சித்தப்பா எழுதுவது. தாமிரபரணித் தண்ணீர் குடித்த உடம்பு, எனக்கும் சித்திக்கும் ஒரு குறையும் இல்லை, அங்கே பனியில் நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு நடங்கள். போனில் சொன்னால் சித்தி காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நம்ம ஆற்றங்கரைத் திடலைக் காக்க ஒரு குழு இருக்கிறதே, சித்ரலேகா டீச்சர் தலைமையில் இருபத்திரண்டு பேர், ஞாயிறுதோறும் முள் உடைமரம் வெட்டுவார்கள், குப்பை அள்ளுவார்கள், எவனாவது வேலி போட வந்தால் முன்னால் போய் நிற்பார்கள். நானும் அதில் உண்டு, நாலு ஆள் வேலையை நான் வாயாலேயே பார்த்துவிடுவேன் என்று அதே குழுவில் இருக்கிற நம்ம தெரு ஆறுமுகத்தாய் சொல்வாள், பொறாமை. வெள்ளம் வந்த மார்கழியில் தெருவே ஆடு மாட்டோடு அந்தத் திடல் மேட்டில்தான் இரண்டு நாள் இருந்தது, நான் மட்டும் முப்பது பேரைத் தூக்கிக் கரை சேர்த்தேன், சரி, மூன்று பேர்.

போன வருஷம் குழு அங்கே சிமெண்ட் பெஞ்சு போட்டது. கோயில் டியூப்லைட்டில்கூடப் பேர் எழுதுகிற ஊரில் நமக்கு ஒரு பேர் வேண்டாமா என்று யாரையும் கேட்காமல் கல் வெட்டி நட்டேன், ‘இத்திடல் காந்திமதிநாதன் குடும்பத்தார் உபயம்’. துட்டு கொடுத்தது பெஞ்சுக்கு, ஆனால் திடல் என்று போட்டால் எடுப்பாக இருந்தது. டீச்சர் எடுக்கச் சொன்னார், கேட்கவில்லை. உன் மாமனாரிடமும் அதைக் காட்டித்தான் மீசையை முறுக்கினேன்.

இப்போது நம்ம பங்காளி அருணாசலம் அந்தக் கல்லைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, திடல் குடும்பச் சொத்து என்பதற்குக் கல்லே சாட்சி, ஊருக்குத் தானம் கொடுத்ததற்குப் பத்திரமே இல்லை என்று சொல்லி மனை போடுகிறவனுக்கு விற்றுவிட்டான். பழைய பதிவேட்டில் திடல் ஊர்ப் பொது என்று எழுதியிருந்த பக்கத்தைக் கரையான் அரித்துவிட்டது. மனை அளந்து முளைக்குச்சி அடித்தாயிற்று. ஆறுமுகத்தாய் நடுத்தெருவில், என்ன அண்ணாச்சி, அடுத்த வெள்ளத்துக்குப் பிள்ளையளத் தூக்கிட்டு உங்க கல்லு மேலயா ஏறி நிக்க என்று கேட்டாள்.

டீச்சர் திட்டவில்லை. வெள்ளிக்கிழமை தாசில்தார் முன்னால வந்து, கல்லுல எழுதினது பொய்னு நீங்களே சொல்லணும் என்றார், அவ்வளவுதான். அருணாசலமோ, அண்ணே, பேசாம இருந்துக்கோ, ஒரு மனை உனக்கு என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். சித்திக்கு அது தெரியக் கூடாது, ஆசைப்படுவாள்.

நான் சொல்லத்தான் போகிறேன். சொன்னாலும் திடல் திரும்புமா என்று டீச்சருக்கே நிச்சயமில்லை.

தீர்க்காயுசாய் இருவரும் நிறைந்து வாழுங்கள். ஒன்று மட்டும் மறக்காதே, உன் மாமனார் களக்காட்டில் பேப்பரில் படிப்பதற்குள் நீயே சொல்லிவிடு, நம்ம குடும்பம் கொடுத்தது ஒரு பெஞ்சு. அதிலும் பாதிதான், மீதி ஆறுமுகத்தாய் போட்டது.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
காந்திமதிநாதன்