வலியைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு

தெங்கேராவிலிருந்து இன்று பேருந்தில் திரும்பும்போது, முன் இருக்கையில் இருந்த சீன அம்மாள் மருந்தெண்ணெய்ப் புட்டியைத் திறந்து நெற்றியில் தடவிக்கொண்டாள். அந்தக் காரமான நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு உன் மேல் கோபம் வந்துவிட்டது. பாதி வழியில் இறங்கி, காஜா பெராங்கில் உள்ள வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். வழி முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன்.

ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் வாடகைக்கு இருந்தோம். நான் ஆஸ்பத்திரியில் தாதி, எல்லோருக்கும் 'மிஸ்ஸி'; நீ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாய். மெர்டேக்கா, நாட்டின் சுதந்திர நாள், நெருங்கிய அந்த மாதங்களில் நாட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பேச வேண்டியிருந்தது. இணைப்புப் பலகையில் விளக்குகள் மாறி மாறி எரிய, யாரோ ஒருவரின் மரணச் செய்தியை நீ கல்யாண வீட்டுக்கு இணைத்துவிட்டாய். மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் கத்தினார். "மனசு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதுடி" என்று அழுதுகொண்டு வந்தாய். உன்னோடு வேலை பார்த்த சீனப் பெண்தான் உன்னைப் பௌத்தக் கோயிலுக்கு அழைத்துப் போனாள்.

அங்கிருந்த சிங்களப் பிக்கு சொன்னதை எனக்கும் செய்து காட்டினாய். "மூச்சு மூக்கு நுனியத் தொடுற எடம் ஒன்னு இருக்கு. மனசு ஓடுனா திட்டாத. கூட்டிட்டு வந்து திரும்ப அங்கேயே உக்கார வை." முதலில் சிரித்தேன். ஆனால் நீ உண்மையிலேயே மாறினாய். வாசலில் ஊர்வலம் போனாலும் உன் இமை அசையவில்லை. வேலையில் பிழையே வரவில்லை. கால் மரத்து வலித்தால் எழுந்துவிடாதே, அந்த வலியையும் பார் என்று பிக்கு சொல்லியிருந்தார். அதையும் கற்றுக்கொண்டாய். அங்கேதான் எல்லாம் கெட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் அறையெல்லாம் மருந்தெண்ணெய் நெடி. நீ பாயில் கண்மூடி உட்கார்ந்திருந்தாய். முகத்தில் வேர்வை வழிந்தது.

"வயித்து வலியா? எங்க, காட்டு."

"காத்துதான் லா. வலி வருது, போவுது. நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"நீ பாத்தது போதும். டாக்டர் பாக்கட்டும்."

"மிஸ்ஸி வேலையெல்லாம் வார்டுல வச்சுக்க." என் கையைத் தட்டிவிட்டுச் சிரித்தாய்.

மறுநாள் காலை எக்ஸ்சேஞ்சில் சரிந்தாய். என் வார்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ். "இத்தனை வலியோடு இந்தப் பெண் எப்படி வேலைக்குப் போனாள்?" என்று டாக்டர் கேட்டார். அது பாராட்டு இல்லை. அறுவைக்குப் பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை. கடைசியாக நீ கண் திறந்தபோது, "கோவமாடி?" என்றாய். "ஆமா" என்றேன். அந்த வாரம் முடியுமுன் போய்விட்டாய்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் கோயிலுக்குள் போய்ப் பிக்குவிடம் கத்தினேன். "வலியப் பாக்கச் சொல்லி ஒரு உசிரக் கொன்னுட்டீங்க!"

அவர் எழுந்து என் எதிரே வந்து நின்றார். "உக்காந்து காலு வலிச்சா பாக்கச் சொன்னேன், மிஸ்ஸி. நோய்க்கு மருந்து வேணாம்னு நான் சொல்லவே இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டா. எனக்கும் கோவமா இருக்கு."

காவி உடுத்தியவர் இப்படிச் சொன்னதும் அவர் மேல் இருந்த கோபம் அங்கேயே விட்டுப்போயிற்று. அதுவும் சேர்ந்து உன் மேல் வந்தது. மனம் குவிந்தால் எல்லாம் தெளிவாகத் தெரியும் என்றாயே! அவ்வளவு அருகில் இருந்து பார்த்தும் அது உன்னைக் கொல்ல வந்தது தெரியவில்லையா? எவ்வளவு பொறுமை என்று ஊரே வியந்தது. என்ன பொறுமை அது? ஒரு பலகைச் சுவர் தள்ளி நான் இருந்தேன். கூப்பிட்டிருக்கலாம்.

இப்போதும் வார்டில், "ஒன்னுமில்ல மிஸ்ஸி, சரியாயிரும்" என்று அமைதியாகச் சிரிக்கும் நோயாளியைக் கண்டால் நான் நகர்வதில்லை. போர்வையை விலக்கி வயிற்றில் கை வைத்து அழுத்துகிறேன். முகம் எங்கே சுளிக்கிறது என்று பார்க்காமல் விடுவதில்லை. "இந்த மிஸ்ஸி ரொம்பக் கோவக்காரி" என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். உயிரோடு இருந்து பேசுகிறார்கள்.