பிரஷர் கல்லுக்குத்தான்

கட்டபெட்டு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஜீவிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். எவ்வளவு நலம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இத்தாலி மலைக் குளிரில் காதை மூடிக்கொண்டு நடக்கிறாயா?

நேற்று உன் ஆராய்ச்சிக் கல்லைப் பற்றி நீ போனில் அத்தனை சந்தோஷமாகப் பேசியபோது நடுவில் புகுந்து சொல்ல மனம் வரவில்லை. அதனால் வர்க்கி பிஸ்கட் பார்சலோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன்.

போன வாரம் உன்னோடு படித்த கமலேஷ் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். நீ மலைமேல் இருந்ததால் உன் போன் கிடைக்கவில்லையாம். "ஜீவிதாவுக்கு ஹை பிரஷர் கன்ஃபார்ம் ஆயிருச்சுங்கம்மா. நினைச்சதைவிட ரொம்ப அதிகம். சொன்னா சந்தோசப்படுவா" என்று சொல்லி வைத்துவிட்டான். வியாதிக்கு யாராவது சந்தோஷப்படுவார்களா என்று குழம்பிப்போனேன். உன் அப்பா பிரஷரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்துதானே தேயிலைக்கு நடுவில் சரிந்து விழுந்தார்.

உனக்காகக் கட்டி வைத்திருந்த எலுமிச்சை ஊறுகாயைப் பார்சலிலிருந்து எடுத்துவிட்டேன். உனக்குப் பிரஷர் என்று இங்கே என் குழம்பில் உப்பைக் குறைத்தேன். சிரிக்காதே, அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு நர்ஸ் கெஸியா வந்து, "ஏனுங்க்கா, எத்தனை பிரஷர்னு அந்தப் பையனையே கேளுங்க" என்று போனைப் போட்டுக் கொடுத்தாள். "பதினஞ்சாயிரம் பாருங்கம்மா" என்றான் அவன். எதைப் பார்க்கச் சொல்கிறான் என்று விழித்தேன். மனுஷனுக்கு இத்தனை பிரஷர் கிடையாது, இது வேறு என்னவோ என்றாள் கெஸியா. 'பார்' என்பது அழுத்தத்தின் அளவாம். மசினகுடிக்குக் கீழே மோயாற்றுப் பக்கம் நீ பொறுக்கி அவனிடம் சோதிக்கக் கொடுத்த கல்லைத்தான் சொல்லியிருக்கிறான்.

பையன் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டான். கடலடித் தரை ஒரு காலத்தில் இன்னொரு நிலத்துக்குக் கீழே சறுக்கிப்போய், ஆழத்தில் நசுங்கி, கல்லில் அந்தச் சிவப்பு மணிகள் உண்டாகி, பிறகு மேலே வந்ததாம். நீ சொன்னதை நம்பாதவர்கள் இனி நம்பித்தான் ஆக வேண்டுமாம். கீழே போனதெல்லாம் திரும்பிவிடுமா என்று கேட்டேன். கொஞ்சம்தான் திரும்பும், மற்றதெல்லாம் போனதுதான் என்றான். எனக்கு உன் அப்பா நினைப்பு வந்து அழுதுவிட்டேன்.

ஆனாலும் பிரஷர் உனக்கு இல்லை, கல்லுக்குத்தான் என்று தெரிந்ததும் வந்த நிம்மதியை எப்படி எழுதுவது? ஊறுகாய் மறுபடி பார்சலுக்குள் போய்விட்டது.

அன்றைக்கே கெஸியா, "வந்தது வந்தேன், உங்களுக்கும் பார்த்துடறேனுங்க்கா" என்று என் கையில் பட்டையைச் சுற்றினாள். எனக்கு இருக்கிறது கண்ணு, கூடுதலாகவே இருக்கிறது. கோத்தகிரி டாக்டரிடம் காட்டி மாத்திரை சாப்பிடுகிறேன். நல்ல நேரத்தில் தெரிந்தது, பயம் வேண்டாம் என்றார். கமலேஷ் அப்படி உளறியிருக்காவிட்டால் நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். மனசு லேசாகிவிட்டது. நேற்று கொழுந்து பறிக்கக்கூடப் போனேன்.

அப்பா அம்மா இரண்டு பேருக்கும் இருந்தால் பிள்ளையும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கல்லின் பிரஷரைக் கமலேஷ் பார்த்துக்கொள்வான். நீ இதைப் படித்ததும் போய் உன்னுடையதைப் பார்த்துவிட்டு, எத்தனையாக இருந்தாலும் அப்படியே எனக்குச் சொல். அப்பா மாதிரி மட்டும் இருந்துவிடாதே, சாமி.

நூறு வயது நன்றாக இரு.

அன்புள்ள அம்மா,
மாலதி.