வளர்த்த வைரம் என்றே எழுதுங்கள்

2025 ஓகஸ்ட் 3, ஞாயிறு

பொரிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. இறால் குஞ்சுக்கு ஞாயிறு திங்கள் தெரியாது. நாலாம் தொட்டியில் உப்பு கூடிவிட்டது. தண்ணீர் மாற்றி, குஞ்சுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து முடிக்கப் பகல் ஒரு மணியாகிவிட்டது.

சோற்றில் கை வைக்கும்போது எனக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை அஸ்மின் போனில் கூப்பிட்டார். நிக்காஹ் ஒக்டோபர் பன்னிரண்டு என்று முடிவாகிவிட்டதாம். மஹர் என்ன வேண்டும்? "வெக்கப்படாமச் சொல்லுங்க றிஸ்லா. ஒங்கட உரிமை தானே."

வெட்கமா, எனக்கா? இருபத்தெட்டு வயதாகிறது. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுத்தே ஆகவேண்டியது மஹர் ஒன்றுதான், அதைப் பெண்ணே கேட்கலாம் என்று மார்க்கம் சொல்கிறது. இங்கே மாமன்மார் கூடி இருந்து பிளேன்டி குடித்துக்கொண்டு முடிவு பண்ணிவிடுவார்கள். அதனால் ஒரே மூச்சில் சொன்னேன்: ஒரு வைர மோதிரம். ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரம். சின்னக் கல் போதும். உங்கள் சம்பளத்தில் வாங்க வேண்டும், உங்கள் உம்மாவின் இறால் பண்ணைக் காசில் வேண்டாம்.

"அது வைரம் தானா?" என்றார் அஸ்மின். அவருக்கு நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தில் வேலை, நாள் முழுக்கக் கரித்தூசி. "நீங்க எரிக்கிற கரியில இரிக்கிறதும் காபன், வைரமும் காபன். ஒங்களுக்கே தெரியாட்டி யாருக்குத் தெரியும்?" என்றேன். சிரித்தார். ஓம் என்றார்.

ஓகஸ்ட் 6, புதன்

உம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். மெல்லிய வைரத் துண்டு ஒன்றை விதையாக வைக்கிறார்கள். மூடின பெட்டிக்குள் காபன் உள்ள வாயுவை விட்டுப் பயங்கரமாகச் சூடாக்குகிறார்கள். காபன் அந்த விதை மேல் படிந்து படிந்து, சில கிழமைகளில் கல்லாகிறது. மண்ணுக்கடியில் கணக்கில்லாத வருஷம் எடுத்த வேலை.

"அப்ப கண்ணாடி."

"கண்ணாடி வேற உம்மா. இத வெட்டப் போனாலும் வைரம் தான் வேணும்."

"எனக்கு வெளங்கிட்டு. அஸ்மின்ட உம்மாவுக்கு நீயே வெளங்கப்படுத்து," என்று அரிசி களையப் போய்விட்டார்.

எனக்கு ஏன் இந்தப் பிடிவாதம்? கம்பஸில் படிக்கும்போது வாசித்தது மனதை விட்டுப் போகவில்லை. எங்கேயோ ஒரு நாட்டில் சண்டைக்குக் காசு சேர்க்க ஆட்களை அடித்து வதைத்துத் தோண்டிய கற்கள். எல்லாக் கல்லும் அப்படியில்லை, தெரியும். ஆனால் என் விரலுக்கு வரும் கல் எது என்று யார் எனக்குச் சொல்லப்போகிறார்கள்? 1990 இல் மன்னாரிலிருந்து எங்கள் ஆட்களைத் துரத்தியபோது உம்மா காதுத் தோட்டையும் துவக்குக்காரரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கரை சேர்ந்தார். ஒருத்தருடைய சண்டைக்கும் போகாத கல்தான் எனக்கு வேண்டும். இதை வளர்க்கவும் மின்சாரம் நிறைய வேண்டும், எங்கேயோ ஒரு நுரைச்சோலை எரியத்தான் செய்யும். அதையும் நான் மறைக்கவில்லை.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

மைமூனா மாமி வந்தார், அஸ்மினின் உம்மா. காரில், ஒரு தட்டுத் தொதல் இனிப்போடு. கதிரையில் இருந்த கையோடு தொடங்கிவிட்டார்.

"மகள், பொய்க்கல்லு கேட்டீங்களாம். எங்கட குடும்பத்துல ஒரு பொண்ணும் அப்பிடிப் போட்டு வரல்ல. நாலு பேர் சிரிப்பாங்க." பிறகு தன் விரலை நீட்டினார். தடித்த தங்கத்தில் ஒரு வெள்ளைக் கல், நல்ல பளபளப்பு. "அஸ்மின்ட வாப்பா கலியாணத்துக்குப் போட்டது. முப்பத்தொரு வருஷம். மண்ணுல வெளஞ்ச அசல் வைரம். அவர் மௌத்தாகியும் நான் கழட்டல்ல. ஒங்களுக்காகக் கழட்டுறன். இத மஹரா எடுங்க."

பெரிய மனசு தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மஹர் அஸ்மின் தரவேண்டியது. அதோடு, பொய்க்கல் என்ற சொல்லுக்குப் பதில் கொடுக்காமல் விட எனக்கு ஏலாது.

"மாமி, ஒங்கட குளத்துல வளர்ற றால் பொய் றாலா?"

"என்ன?"

"கடல்ல வலை போட்டுப் பிடிச்சதில்ல தானே. எங்கட தொட்டியில நான் பொரிக்க வெச்ச குஞ்சு, ஒங்கட குளத்துல தீனி திண்டு வளருது. பெட்டியில அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்பக்குள்ள 'பொய் றால்' எண்டா எழுதுறீங்க?"

மாமி எழும்பிவிட்டார். பிளேன்டி அப்படியே ஆறிக் கிடந்தது. கார் போன பிறகு உம்மா என்னைப் பிடித்தார்: "ஒன்ட வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும்!" வாப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். பேப்பர் குலுங்கியது.

ஓகஸ்ட் 18, திங்கள்

சொன்னதற்கு வருத்தம் இல்லை. தொதல் நன்றாக இருந்தது.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

அஸ்மின் மோதிரம் வாங்கிவிட்டார். படம் அனுப்பினார். சின்னக் கல், அழகு. கல்லின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் பரிசோதனை அறிக்கையின் இலக்கம் பொறித்திருக்கிறதாம். சந்தோஷத்தில் தங்கச்சி ஆதிலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு நிமிஷம்தான் அந்தச் சந்தோஷம், அஸ்மின் கூப்பிட்டார்.

"நிக்காஹ்ல வைர மோதிரம் எண்டு மட்டும் சொல்லுவம் றிஸ்லா. யாருக்கு வெளங்கப்போகுது? உம்மாவும் ஓகே எண்டுட்டாங்க."

"அப்ப மறைக்கப்போறீங்க."

"மறைக்கிறதில்ல. முழுசாச் சொல்லல்ல, அவ்வளவுதான்."

"கல்லுல பொய் இல்ல அஸ்மின். பொய் இப்ப ஒங்கட வாயிலதான் வந்திரிக்கு."

நிக்காஹ் சபையில் நான் இருக்கமாட்டேன். ஆண்கள் இருப்பார்கள், எனக்காக வாப்பா கதைப்பார், மாப்பிள்ளை மஹரைச் சொல்வார், பதிவாளர் புத்தகத்தில் எழுதுவார். நான் உள்ளே தலையில் பூ வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு வாய் இல்லாத இடத்தில் என்னுடைய சாமானுக்கு இன்னொருவர் பெயர் மாற்றுவாரா? முடியாது.

சொல்லிவிட்டேன். ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரம் என்று மைக்கில் சொல்லி, அப்படியே புத்தகத்தில் எழுத வேண்டும். இல்லையென்றால் நிக்காஹ் இல்லை.

ஓகஸ்ட் 29, வெள்ளி

ஐந்து நாளாக அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. போனை மட்டும் நூறு தரம் பார்த்தேன்.

செப்டெம்பர் 7, ஞாயிறு

ஆதிலா ஒரு கலியாண வீட்டிலிருந்து முகம் தொங்க வந்தாள். மாமி அங்கே நாலு பேருக்கு முன்னால் சொன்னாராம்: "அகதிக் காம்புல வளந்த பிள்ளைக்கு எது அசல், எது போலி எண்டு எங்க தெரியப்போகுது?"

நான் பொறந்தது புத்தளம் ஆசுபத்திரியில. வளந்தது கரைத்தீவில. இந்தக் களப்புத் தண்ணியில தான் நீந்தப் பழகினன். மன்னாரை ஏழெட்டுத் தரம் தான் கண்டிரிக்கன், அதுவும் பஸ்ஸில போய் பஸ்ஸில வந்து. இன்னும் எத்தின வருஷம் இங்க இரிந்தா நான் இந்த ஊர்ப் பிள்ளை? ஆளைப் பாக்கமாட்டாங்க, கல்லைப் பாக்கமாட்டாங்க — எங்க இருந்து வந்த, எங்க இருந்து வந்த! அது ஒண்டு தான் கேள்வி இவங்களுக்கு! மண்ணுக்குள்ள கிடந்தா அசல், பெட்டிக்குள்ள வளந்தா போலி. ஊர்ல கிடந்தா அசல், காம்புல வளந்தா போலி. போங்க!

அழுதேன். எழுதத்தான் வேண்டும், அழுதேன். பிறகு முகம் கழுவினேன். ஒரு சொல்லையும் குறைக்கமாட்டேன்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

நேற்று அஸ்மின் கூப்பிட்டார், பதினெட்டு நாளைக்குப் பிறகு — இல்லை, இருபது. கல்லைக் கடையில் கொடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று அவருடைய உம்மா சொல்கிறாராம். "போலி எண்டு கடைக்காரர் சொன்னா?" என்றேன். "அப்ப உம்மா சொல்றது சரி," என்றார். "வைரம் எண்டு சொன்னா?" "உம்மாவோட கடைக்குப் போங்க," என்றார். அவருக்கு இன்று வேலை முறை. மோதிரத்தை மாமியிடம் கொடுத்துவிட்டார்.

டவுனில் ஒரு நகைக்கடை. மாமி, நான், ஆதிலா. கடைக்காரர் பேனை மாதிரி ஒரு கருவியின் முனையைக் கல்லில் வைத்தார். பீப் என்றது. இன்னொரு தரம் வைத்தார். பீப்.

"வைரம் தான் அம்மா."

"மண்ணுல எடுத்ததா?" என்று மாமி விடவில்லை.

"இந்த மிஷின் அதச் சொல்லாது. சூடு எவ்வளவு கெதியாக் கல்லுக்குள்ளால போகுதெண்டு தான் பார்க்கும். வளத்ததும் தோண்டினதும் இதுக்கு ஒண்டுதான். பிரிச்சுப் பாக்கக் கொழும்புக்கு அனுப்பணும்."

என் முகத்தில் சிரிப்புத் தெரிந்திருக்கும். மாமி விறுக்கென்று தன் விரலை நீட்டி, "அப்ப இதையும் பாருங்க. அசல் எப்பிடிச் சத்தம் போடுதெண்டு இவங்க கேக்கட்டும்," என்றார். மோதிரம் கழன்று வரவில்லை. கடைக்காரர் சவர்க்காரத் தண்ணீர் கொண்டுவந்தார்.

முனையை வைத்தார். சத்தமில்லை. துடைத்துவிட்டு வைத்தார். சத்தமில்லை. பிறகு பூதக்கண்ணாடியைக் கண்ணில் பிடித்துக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, இது மாத்தறைக் கல்லு. அந்தக் காலத்துல மாத்தறை வைரம் எண்டு சொல்லித்தான் வித்தாங்க. அடிப்பக்கத்து வெட்டுக் கோடெல்லாம் ரெட்டையாத் தெரியுது, வைரத்துல அப்பிடித் தெரியாது. நல்ல கல்லு, நம்மட மண்ணுல எடுத்த கல்லு தான். வைரம் இல்ல."

மாமி மோதிரத்தை வாங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டார். முதலில் எனக்குச் சந்தோஷம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். துள்ளிக்கொண்டு வந்தது. பிறகு அந்த விரலைப் பார்த்தேன். மோதிரம் இருந்த இடம் வெள்ளையாக, பள்ளமாக இருந்தது. என் சந்தோஷம் அடங்கிவிட்டது.

செப்டெம்பர் 15, திங்கள்

ஆதிலா குதிக்கிறாள். குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட வேண்டுமாம். "அகதிக் காம்பு எண்டவங்களுக்கு ஒரு பாடம் ராத்தா!" போனைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அந்தக் கல்லைப் பற்றிச் சொல்வதென்றால் மாமி சொல்லட்டும். அஸ்மினுக்குக்கூடச் சொல்லவில்லை. என் கல்லைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான், அதில் மாற்றமில்லை.

செப்டெம்பர் 28, ஞாயிறு

மாமி தனியே த்ரீவீலில் வந்தார். உம்மாவைக் குசினிக்கு அனுப்பிவிட்டு மெதுவாகக் கேட்டார். "அஸ்மினுக்குச் சொன்னீங்களா?"

"இல்ல மாமி."

"ஏன்?"

"அது ஒங்கட மோதிரம்."

மாமி கைப்பையிலிருந்து மோதிரத்தை எடுத்தார். "அஸ்மின்ட வாப்பா தெரிஞ்சு தந்தாரா, தெரியாமத் தந்தாரா எண்டு தான் மனசு அரிக்குது. இப்ப யார்ட்ட கேக்க?" கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷி அழுவார் என்று நான் நினைத்ததே இல்லை. "இத இனிப் போட ஏலுமா எனக்கு?"

"ஏன் ஏலாது? அவர் தந்தது அவர் தந்ததுதான். மாத்தறைக் கல்லு எண்டு சொல்லிப் போடுங்க மாமி. ஒளிச்சாத் தான் வெக்கம்."

உடனே முகத்தைத் துடைத்தார். "எனக்குப் படிச்சுத் தர வராதீங்க." அதுதான் மாமி. ஆனால் பிளேன்டியை முழுதாகக் குடித்தார். படியில் இறங்கும்போது திரும்பாமலே சொன்னார்: "காம்புக் கதை நான் கதைச்சது பிழை."

மஹர் கதை? ஒன்றும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 10, வெள்ளி

அஸ்மினிடம் கடைசித் தரம் கேட்டேன். "பதிவாளர் ஹஸரத் பழைய ஆள், சபையில எல்லாரும் இரிப்பாங்க… பாப்பம்," என்றார். பாப்பமாம்! வாப்பா மட்டும் கண்ணாடிக்கு முன் சவரம் செய்துகொண்டு, "ஆய்வுகூடத்தில் வளர்த்த வைர மோதிரம், ஆய்வுகூடத்தில் வளர்த்த…" என்று பாடமாக்குகிறார். மாப்பிள்ளை வேறு மாதிரிச் சொன்னால் வாப்பா சபையை விட்டு எழும்பி வந்துவிடுவாராம். அவரை நம்புகிறேன். இவரை?

ஒக்டோபர் 13, திங்கள், காலை

நேற்று நடந்தது.

பெண்கள் பக்கம் ஸ்பீக்கர் என் தலைக்கு மேலேயே இருந்தது. பதிவாளரின் குரல்: "மஹர்?"

"வைர மோதிரம் ஒன்று," என்றார் அஸ்மின். அதோடு நிறுத்திவிட்டார். பேனை கீறும் சத்தம்கூட மைக்கில் கேட்டது. நான் பூவைக் கழற்றக் கையை உயர்த்திவிட்டேன், சத்தியமாக. உம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எழுதாதீங்க ஹஸரத், நான் முடிக்கல்ல." அஸ்மின் தொண்டையைச் செருமினார். "ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரம். அப்பிடியே எழுதுங்க."

"வைரம் எண்டாப் போதும் தானே தம்பி?"

"போதாது ஹஸரத்."

வாப்பா பாடமாக்கினதை ஒரு எழுத்துத் தவறாமல், தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார்.

பெண்கள் பக்கம் குசுகுசுப்பு. மாமியின் சொந்தக்காரி ஒருத்தி சிரித்துக்கொண்டே, "அதென்ன மைமூனா, வளத்த வைரம்? போலியா?" என்றாள். நான் வாயைத் திறக்குமுன் மாமி திரும்பினார்.

"இப்ப சாப்பாட்டுச் சஹன்ல வரப்போற றால் எங்கட குளத்துல வளத்த றால். போலியெண்டா நீங்க தின்னாதீங்க."

"அப்ப ஒங்கட கையில இரிக்கிறது?"

மாமி விரலை ஒளிக்கவில்லை. "மாத்தறைக் கல்லு. அஸ்மின்ட வாப்பா தந்தது."

அஸ்மின் உள்ளே வந்து மோதிரத்தைப் போட்டார். கூடி உண்ணும் சஹன் தட்டு வந்தது. நான் றாலில் கை வைக்கப் போக, மாமி என் காதருகே குனிந்தார்.

"மகள், மோதிரத்தக் கழட்டி வெச்சிட்டுத் தின்னுங்க. வைரத்துல எண்ணெ பட்டா மங்கிப்போகும்."

"கழட்டமாட்டன் மாமி," என்றேன்.