நடுவில் நிற்கிறவன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை, ஆகவே நடமாடிக்கொண்டிருக்கிறோம் என்று எழுதுகிறேன், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைக் கவனித்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது, மாடிப்படியில் இன்னும் பக்கவாட்டாகத்தான் இறங்குகிறார், கேட்டால் அதுதான் ஸ்டைல் என்கிறார். கீழ்வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், அவர்கள் போனதிலிருந்து குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, இங்கே வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. இனி நீ போனில் பாதியில் வைத்த விஷயத்துக்கு வருகிறேன். போனில் நான் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் எனக்குக் கோபம் வருகிறது, அதனால்தான் கடிதம்.

உன் புது வீட்டுக்கு நான் தைத்த படம் முடிந்துவிட்டது. நம் சொந்தத்தில் யார் புது வீட்டுக்குக் குடிபோனாலும் நான் கிராஸ் ஸ்டிச்சில் அந்த வீட்டைத் தைத்து, வாசலில் அந்த வீட்டு ஆட்களை வரிசையாக நிற்கவைத்துக் கொடுப்பது உனக்குத் தெரியும். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பழைய பத்திரிகையில் வந்த ஒரு படத்தைப் பார்த்து நானே பழகியது, அதனால் என் தையலில் மேல் இழை எல்லாருக்கும் சாய்கிற பக்கம் சாயாமல் எதிர்ப்பக்கம் சாயும், மாற்றச் சொன்னவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள். உன் அத்தை, உங்கம்மா தைக்கிற ஆள் ஒருத்தருக்கும் மூக்கே கிடையாது, மூச்சு எப்படித்தான் விடுகிறார்களோ என்று உன்னிடம் சொல்லிச் சிரித்தாளாமே, சிரிக்கட்டும், அவள் வீட்டுக் கூடத்தில் இன்றைக்கும் அந்த மூக்கில்லாத குடும்பம்தான் தொங்குகிறது. உன் சித்தப்பா வீட்டை விற்றபோது படத்தைச் சுவரிலேயே விட்டுவிட்டுப் போனார், வாங்கியவர்கள் வாசலில் நான் போய் நின்று கேட்டுக் கழற்றிக்கொண்டு வந்தேன், அவர்கள் என்னைப் பைத்தியம் என்றுகூட நினைத்திருக்கலாம்.

மாப்பிள்ளை அனுப்பிய போட்டோவைப் பார்த்துக் கட்டத்தாளில் உன் வீட்டை வரைந்தேன், சாம்பல் நிறக் கதவு, ஒரு பக்கம் உடைந்த படி, தபால் பெட்டி எல்லாம் வந்திருக்கிறது. கட்டம் போட்ட மேட்டித் துணியை நாலாக மடித்து, மடிப்புகள் சந்திக்கிற இடத்தில்தான் முதல் தையல் போடுவேன், அங்கிருந்து எண்ணித்தான் மற்ற பக்கங்களுக்குப் போக முடியும். அந்த இடத்தில் எப்போதும் வீட்டில் சின்ன ஆளைத்தான் நிறுத்துவேன், ஆள் குள்ளமாக இருந்தால்தான் பின்னால் கதவு தெரியும். உன் படத்தில் அங்கே வாண்டு நிற்கிறான். உன்னையும் மாப்பிள்ளையையும் கதவையும் கூரையையும் அவனிலிருந்து எண்ணித்தான் தைத்தேன். என் பேரன் போய் இரண்டு வருஷமாகிறது என்று எனக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டாம், ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனுடைய ஈரப் பனியனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

எங்க ரெண்டு பேரை மட்டும் தைச்சுக் கொடும்மா, வர்றவங்க இது யாருன்னு கேட்டா நான் என்னன்னு சொல்வேன் என்று கேட்டாய். என் பிள்ளை என்று சொல். அதற்கு மேல் கேட்கிறவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவை. புதுத் தெருவில் யாரோ விசாரித்தபோது எங்களுக்குக் குழந்தை இல்லை என்று நீ சொன்னதாக அத்தை வழியாக எனக்குத் தெரியவந்தது, அன்றைக்கு முழுக்க எனக்குக் கை ஓடவில்லை. உன் வேதனையை நான் அளக்க வரவில்லை, பெற்றவள் நீ. ஆனாலும் எனக்குச் சம்மதமில்லை. அவன் கட்டிலை யாருக்கோ கொடுத்தீர்கள், அவன் கிறுக்கிய சுவரோடு அந்தப் பழைய வீட்டையே விட்டீர்கள், எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களும் அவனுக்கு உறவுதான்.

அதோடு விடாமல் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா பிரிக்க மாட்டாள், நீங்களாவது பிரித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறாய். நீ கேட்டு அவர் எதைத்தான் மறுத்தார். நான் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு ஆரம்பித்திருக்கிறார். நான் வந்து பார்க்கும்போது தையல் வளையம் மடியில், கத்தரிக்கோல் தரையில், மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். வாண்டு காலில் நான் தைத்திருந்த செருப்பில் ஒன்றே ஒன்றைப் பிரித்திருந்தார். பிரித்த சிவப்பு நூல் துணுக்குகளைக் கீழே போட மனசு வராமல் சட்டைப் பையில் போட்டுவைத்திருக்கிறார். என்னைப் பார்த்து, "வெறுங்காலா நிக்கிறான், மறுபடியும் போட்டு விடு" என்றார். அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

போட்டுவிட்டேன். அந்தச் சிவப்பு தீர்ந்துபோய்க் கடையில் கிடைத்தது கொஞ்சம் அழுத்தமான சிவப்பு, ஒரு செருப்பு ஒரு நிறம், இன்னொன்று இன்னொரு நிறம். இருக்கட்டும், அவன் என்றைக்கு ஜோடி பார்த்துப் போட்டான், ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் தாத்தா செருப்பு என்று இழுத்துக்கொண்டு திரிந்தவன்தானே.

படத்தை அப்படியே அனுப்புகிறேன். நான் பிரிக்க மாட்டேன், அப்பாவால் முடியவில்லை. வேண்டுமென்றேதான் கண்ணாடி போடவில்லை. பார்சலில் என் சின்னக் கத்தரிக்கோலையும் வைத்திருக்கிறேன், அவன் நிற்கக் கூடாது என்றால் நீயே உன் கையால் பிரி. துணியைத் திருப்பிப் பின்பக்கமாக ஒவ்வொரு இழையாக வெட்டு, இழுத்தால் துணி சுருங்கும். பிரித்த இடத்தில் துளைகள் கொஞ்சம் விரிந்தே இருக்கும், துவைத்தாலும் லேசில் மூடாது, பிறகு அம்மா சொல்லவில்லையே என்று சொல்லாதே. பிரிக்க முடியாவிட்டால் மாட்டு. மாட்டவும் முடியாவிட்டால் அலமாரியில் துணிகளுக்கு நடுவில் வை, சித்தப்பா வீட்டில் போய் நின்றதுபோல் உன் வாசலில் வந்து நின்று கேட்க மாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் அந்த வீட்டில் குறையில்லாமல் வாழ வேண்டும், உள்ளே போகிறவர்கள் சிரித்துக்கொண்டு திரும்ப வேண்டும், இது நாங்கள் இருவரும் மனசாரச் சொல்வது. அந்த உடைந்த படியை முதலில் சரிசெய்யச் சொல். கத்தரிக்கோல் முனை ரொம்பக் கூர், வேலை முடிந்ததும் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் எடுத்து வை. கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். அந்த வரியை அடிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா